கண்ணகி விதவையாய் இருந்த நாட்கள்

கோவலன் கொலையுண்ட நாளிலிருந்து கண்ணகி வானேறிய நாள் வரைக்கும் 14 நாள். சிலப்பதிகாரத்தின் கணக்கு அது. மதுரையை எரித்தபின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றவளைப் பதினான்காம் நாள் கோவலனே வந்து கூட்டிப் போகிறான். கற்புக்குத் தெய்வம் என்று நாங்கள் கும்பிடுகிற அம்மன் விதவையாக வாழ்ந்தது இரண்டு கிழமைதான். அவளைச் சுற்றி இருந்தவர்களையும் பாருங்கள். கோப்பெருந்தேவி அரசன் சாய்ந்தவுடன் உயிரை விட்டாள். கோவலனின் தாய் செய்தி கேட்டு இறந்தாள். மிஞ்சி வாழ்ந்தவள் மாதவி ஒருத்தி. அவளும் துறவுக்குப் போய்விட்டாள். கணவன் போன பிறகு சந்தைக்குப் போய், சமைத்து, பிள்ளையைப் படிப்பித்து, இன்னும் முப்பது வருடம் இருந்தாக வேண்டிய ஒருத்திக்கு அந்தக் காப்பியத்தில் இடமே இல்லை.

நான் மட்டக்களப்பில் கல்லடியில் பிறந்து கல்லடியிலேயே இருப்பவள். அப்பா செட்டிபாளையத்தார், எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்து அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். ஓய்வு பெறும்வரை சைவசமயமும் தமிழும் படிப்பித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் கணவரை மாரடைப்புக்குக் கொடுத்தேன். இப்போது இன்னொருவரைக் கலியாணம் செய்ய இருக்கிறேன். ஊரின் உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை. இறந்தவருக்கு உயிரோடிருப்பவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்ற கேள்வி இந்த வாவியின் இரண்டு கரையிலும் வீட்டுக்கு வீடு அடைபட்டுக் கிடக்கிறது. 2010இல் அப்போதைய மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் ஹிஸ்புல்லாஹ் சொன்ன கணக்கின்படி கிழக்கு மாகாணத்தில் மட்டும் போரில் கணவரை இழந்தவர்கள் 49,000 பேர். சுனாமி கொண்டுபோனவர்களின் துணைகளையும், என் கணவரைப் போல நோயில் போனவர்களின் மனைவிமாரையும் அதற்கு மேல் சேர்க்க வேண்டும். இத்தனை பேருக்கும் 14 நாள் கதையைச் சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிவிட முடியாது.

புறநானூற்றில் பூதபாண்டியனின் தேவி தீப்பாயப் போகிறாள். சான்றோர் தடுக்கிறார்கள். அவள் சொல்லும் மறுமொழியை நான் மாணவிகளுக்குப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். நெய் படாத சோற்றுப் பிண்டமும் வேளைக் கீரையும் தின்று, பருக்கைக் கல்லின் மேல் பாயில்லாமல் கிடக்கும் பெண்களில் ஒருத்தியாக இருக்க மாட்டேன். அதைவிட ஈமத்தீ எனக்குத் தாமரைப் பொய்கை போன்றது என்கிறாள். அவளுடைய வீரத்தை உரையாசிரியர்கள் எழுதினார்கள். என் கண் போவது அந்தச் சாப்பாட்டில். கைம்மை என்பதை அந்தக் காலத்தார் மனத்திலே வைக்கவில்லை. உணவிலும் படுக்கையிலும் வைத்தார்கள். நெய்யைப் பிடுங்கினால், பாயைப் பிடுங்கினால், உடம்பு தானாகவே அடங்கும் என்று கண்டுகொண்டார்கள். வயிறாரத் தின்று, நன்றாகத் தூங்கி, கைகால் வலுவோடு எழும்புகிற உடம்பு மறுபடியும் ஒருவரை விரும்பும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவில் அவர்கள் கண்டது சரி.

என்னை யாரும் கல்லில் படுக்கச் சொல்லவில்லை. நானே படுத்தேன். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகும் மீன் வாய்க்குப் பிடிக்கவில்லை. பகலெல்லாம் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். முற்றத்துக்கு இறங்குவதே பெரிய வேலையாயிற்று. ஒருநாள் கால் விரலில் வந்த சின்னப் புண் ஆறாமல் கிடந்து, கிளினிக்குக்குப் போனால் சீனி வருத்தம் என்றார்கள். மகளின் வயதுதான் இருக்கும் அந்த டொக்டருக்கு. கொப்பியில் மெட்போமின் எழுதிவிட்டு, "அம்மா, மருந்து பாதி வேலதான் செய்யும். மத்தப் பாதிய நீங்கதான் நடந்து செய்யணும்" என்றார். நடந்தால் தசை சீனியை இழுத்து எடுத்துக்கொள்ளும், இன்சுலின் மறுபடியும் ஒழுங்காக வேலை செய்யப் பழகும் என்று விளங்கப்படுத்தினார். புறநானூற்றுத் தேவிக்குச் சான்றோர் கொடுக்க முடியாத மறுமொழியை அந்தப் பிள்ளை கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தது என்று எனக்குப் பட்டது.

கல்லடியில் புதிய பாலம் 2013இல் திறந்த பிறகு, மன்னிங் ஆளுநரின் மனைவி பெயரைக் கொண்ட பழைய இரும்புப் பாலத்தில் வாகன நெரிசல் இல்லை. விடியற்புறத்தில் அங்கே நடக்கிறவர்களில் பெரும்பாலானோர் என்னைப் போலச் சீனியும் பிரசரும் உள்ளவர்கள். கீழே தோணிகளில் வீச்சுவலைக்காரர். முதலில் பாலத்தின் பாதி வரைக்கும் போய்த் திரும்புவேன், முழங்கால் விடாது. பிறகு அக்கரை. பிறகு காந்திப் பூங்கா வரைக்கும். வேர்வை வந்து முதுகுச் சட்டை நனைந்த முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மண்ணுக்குள் கிடக்க, என் மூச்சு இப்படி ஏறி இறங்குகிறதே என்று. திருமூலர் தம் உடம்பைப் பற்றிச் சொன்னதை அப்போதுதான் எனக்காக எடுத்து வாசித்தேன். முன்பு உடம்பை இழுக்கு என்று எண்ணியதாகவும், அதனுள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் அவர் சொல்கிறார். அது துறவியின் வாக்குமூலம். அவருக்கே உடம்பு கோயிலென்றால் ஒரு விதவைக்கு மட்டும் அது ஏன் இடிந்த வீடாகக் கிடக்க வேண்டும்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் நண்டுக் கறி. வாவி நண்டு, முருங்கையிலை போட்டு, மிளகு தூக்கலாக வைத்திருந்தாள். சோற்றைப் பிசைந்து தின்றபின் நண்டுக் காலைப் பல்லில் வைத்துக் கடித்து உறிஞ்சினேன். விரல்களைச் சூப்பினேன். நிமிர்ந்து பார்த்தால் மேசையில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கச்சியின் கண் நிரம்பியிருந்தது. எனக்குள் எழுந்தது சந்தோஷம் இல்லை. களவு செய்த பயம். அவருக்கு நண்டென்றால் உயிர். அவர் தின்ன முடியாததை நான் ருசித்துவிட்டேன். துரோகம் என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்கே நடந்து முடிந்துவிட்டது. இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பின்னால் வந்த எல்லாம் அந்த நண்டுக் காலின் தொடர்ச்சிதான். பசி வருவது குற்றமில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். நடப்பது நல்லது என்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தால், பரவாயில்லை தேறிவிட்டாள் என்கிறார்கள். இன்னொரு மனிதனின் குரல் கேட்க ஆசை வந்தால் மட்டும் கோடு கிழிக்கிறார்கள். அந்தக் கோடு எந்த நியாயத்தில் அந்த இடத்தில் விழுகிறது என்று எந்த நூலிலும் நான் காணவில்லை.

நான் முடிக்க இருப்பவர் திராய்மடுவில் சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருப்பவர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளில் வந்து பாலத்தடியில் நிறுத்திவிட்டு நடப்பார். 2004 மார்கழி 26இல் நாவலடியில் மனைவியை இழந்தவர். அதே வருடத்து அலையில் மனைவியை இழந்த பல ஆண்களுக்கு மறுவருடமே கலியாணம் நடந்ததை எங்கள் ஊர் கண்டது. பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று பெரியவர்களே முன்னின்று செய்து வைத்தார்கள். யாரும் அவர்களை இறந்தவளுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேட்கவில்லை. இவர் மட்டும் முடிக்கவில்லை. ஏன் என்று பழகி வெகுகாலத்துக்குப் பிறகு கேட்டேன். "டீச்சர், அவ கைய நான் விட்டுட்டன். விட்ட கையால மறுகா ஒருத்திர கையப் புடிக்கிறது எப்பிடி?" என்றார். இரண்டு பேரும் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவருக்குச் சொல்ல என்னிடம் சமயபாடம் எதுவும் இருக்கவில்லை. அலையின் வேகத்தைப் பற்றி, ஒரு மனிதக் கையின் பலத்தைப் பற்றித்தான் பேசினேன்.

கனடாவிலிருந்து வந்த மூத்த மகள் விமானத்தில் வாசித்த ஆங்கில நாவல் ஒன்றை வீட்டில் விட்டுப் போயிருந்தாள். கணவனை இழந்த பெண் ஒருத்தி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்குகிறாள், மெலிகிறாள், அங்கே ஒருவரைச் சந்திக்கிறாள், கடைசிப் பக்கத்தில் மோதிரம். மனமொத்து வாசித்தேன், துக்கம் உடம்பில் இருந்துதான் இறங்க வேண்டும் என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் கதையில் முதல் கணவன் ஒரு புகைப்படம் மட்டும். அவனுடைய தங்கை யாரும் வந்து வாசலில் நிற்பதில்லை. எனக்கு வந்து நின்றாள். என் கணவரின் தங்கை, என்னை உண்மையாக நேசிப்பவள். "மச்சாள், மேல போனா அண்ணனுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டாள்.

அந்தக் கேள்வி பழையது. என்னோடு படிப்பித்த மெதடிஸ்த டீச்சர் பைபிளைத் திறந்து காட்டினார். ஒருவன்பின் ஒருவனாக ஏழு சகோதரரை மணந்து ஏழு பேரையும் இழந்த ஒருத்தி, உயிர்த்தெழும் நாளில் யாருடைய மனைவியாக இருப்பாள் என்று சதுசேயர் இயேசுவிடம் கேட்கிறார்கள். அங்கே கொள்வனையும் இல்லை, கொடுப்பனையும் இல்லை என்பது அவருடைய மறுமொழி. காத்தான்குடியில் இருக்கும் என் பழைய சக ஆசிரியையின் வீட்டில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இத்தா 4 மாதமும் 10 நாளும். அது துக்கத்துக்கும், கருவில் பிள்ளை இருக்கிறதா என்று அறிவதற்கும் உரிய காலம். அதற்குப் பிறகு அவளுடைய முடிவு அவளுடையது. நபிகளாரின் முதல் மனைவி கதீஜா நாயகியே முன்பு விதவையாக இருந்தவர் என்று சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரே வாவி, ஒரே குடிவழி முறை, தாய்வழியில் வரும் அதே வீடு வளவு. ஆனால் ஒரு விதவையின் எதிர்காலம் அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி.

எங்கள் பக்கத்தில் இதை ஆழமாக யோசித்தவர் வள்ளலார். 1871 மார்ச்சில் அவர் விடுத்த அறிவிப்பு ஒன்றில் இறந்தவரை எரிக்காமல் புதைக்கச் சொன்னார். கணவன் இறந்தால் தாலியை வாங்க வேண்டாம் என்றார். அதே மூச்சில், மனைவி இறந்தால் கணவன் வேறு கலியாணத்துக்கு முயல வேண்டாம் என்றும் சொன்னார். இறந்தவர்களை ஆண்டவர் எழுப்பித் தருவார் என்று அவர் முழுதாக நம்பினார். திரும்பி வரப் போகிறவருக்காகக் காத்திரு என்பது அவருடைய நியாயம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் வைத்த அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் நான் படித்ததும் படிப்பித்ததும் சைவ சித்தாந்தம். உயிர் எண்ணிறந்த பிறவி எடுத்து எடுத்து இளைக்கிறது என்று சொல்லிக் கொடுத்தவள், இந்தப் பிறவியின் ஒரு தாலி எல்லாப் பிறவிக்கும் கட்டியது என்று எப்படிச் சொல்வேன்? என் கணவரின் உயிரும் என் உயிரும் இதற்கு முன் எத்தனை பேருக்குத் துணையாக இருந்தனவோ. அவருக்கு என்ன சொல்வாய் என்று மச்சாள் கேட்டதற்கு நான் சொன்னது: அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியது அவரோடு வாழ்ந்த காலத்துக்கு. அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தேத்தண்ணி போடவா என்று கேட்டாள்.

தமிழன் எந்த இடத்தில் மாறினான் என்று பார்க்க விரும்புகிறவர்கள் தாரையைப் பார்க்கலாம். வால்மீகியில் வாலி இறந்தபின் தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள். அப்படி வாழ்ந்தவளைத்தான் தினமும் நினைக்க வேண்டிய ஐந்து பெண்களில் ஒருத்தியாக வடமொழி மரபு வைத்திருக்கிறது. கம்பன் கைக்கு வரும்போது அவள் அணிகலன் களைந்த கைம்பெண். கோபத்தோடு வந்த இலக்குவன் அவளைக் கண்டு தன் தாய்மாரை நினைத்துக் கலங்குகிறான். எத்தனை அழகான காட்சி என்று வகுப்பில் நானும் உருகியிருக்கிறேன். கம்பனின் கவிதையில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த அழகுக்குத் தாரை கொடுத்த விலையை யாராவது சொல்ல வேண்டும். ஐந்து பேரைக் கணவராகக் கொண்ட திரௌபதையின் பெயரால் பாண்டிருப்பில் தீ மிதிக்கிறோம். எங்கள் தெய்வங்கள் எங்களைவிடத் தாராளமானவர்கள்.

உள்ளதைச் சொன்னால், என் குடும்பத்தில் இறுதிவரை நின்ற தடை தெய்வமும் இல்லை, கற்பும் இல்லை. வீடு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போவது. கணவன் போனாலும் விதவையை வெளியே தள்ள எவராலும் முடியாது. இது எங்கள் மூத்தோர் எங்களுக்கு வைத்துப்போன பெரிய பாதுகாப்பு. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பல பெண்களுக்குக் கிடைக்காதது. அதே வழக்கம் இந்த இடத்தில் முரண்டு பிடித்தது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டும். என் வீட்டுக்கு அவர் வந்தால், கலியாணம் பேசியிருக்கும் இளைய மகளுக்கு அந்த வீடு எப்படிப் போகும்? அண்ணன் சுற்றிச் சுற்றிக் கற்பைப் பற்றிப் பேசி, முடிவில் இதைத்தான் கேட்டார். மகளின் பெயருக்கு உறுதி எழுதினேன். நான் திராய்மடுவுக்குப் போகப் போகிறேன். விதவை மறுபடி முடிக்கிறாள் என்பதைவிட, பெண் ஆணின் வீட்டுக்குப் போகிறாள் என்பதுதான் எங்கள் தெருவில் பெரிய கதையானது.

இனிக் கண்ணகிக்கு வருகிறேன். வைகாசியில் எங்கள் பகுதிக் கண்ணகி கோயில்களின் கதவு திறக்கும். செட்டிபாளையத்தில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கோயிலுக்குக் கோயில் முறை மாறும். ஆனால் பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரையை இரவிரவாகப் பாடுவதும், மரக்கொம்பு வெட்டி வந்து மஞ்சள் பூசிப் பட்டுச் சுற்றிக் கல்யாணக்கால் நடுவதும், பெண்கள் நெல்லுக் குற்றுவதும், பொங்குவதும், கடைசி இரவில் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிரச் செய்வதும் பொது. அந்தச் சடங்கின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கணவனை இழந்து ஒரு நகரத்தையே எரித்த பெண்ணை ஊர் அந்தக் கோலத்திலேயே நிறுத்தி வைக்கவில்லை. அவளுக்கு மறுபடியும் கலியாணம் செய்து வைக்கிறது. பிறகு மஞ்சள் நீரும் வேப்பிலையும் கொண்டு அவளுடைய சூட்டைத் தணிக்கிறது. சிங்களவரின் பத்தினிச் சடங்கில் இன்னும் ஒருபடி மேலே போய், பாலங்க என்று அவர்கள் அழைக்கும் கோவலனையே அவள் உயிர்ப்பித்துவிடுகிறாள். கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாடு பற்றிய தம் பெரிய நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். இந்தத் தீவில் இரண்டு மொழிக்காரரும் இளங்கோ முடித்த இடத்தில் கண்ணகியை விடச் சம்மதிக்கவில்லை.

கோயில் பூசகரான கட்டாடியார் ஒருவரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கல்யாணக்கால் கோவலனாருக்குத்தான் பிள்ள. வேற ஆருக்கும் இல்ல" என்றார். அவர் சொன்னது சரி. சடங்கு சொல்லாததைச் சொல்ல வைக்க எனக்கு உரிமையில்லை. அது மறுமணத்துக்கு அத்தாட்சி என்று நான் வாதாட மாட்டேன். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறு. துக்கம் ஒரு சூடு. அதைத் தனியே சுமந்து எரிவது பத்தினித்தனம் என்று சடங்கு சொல்லவில்லை. தணிக்க வேண்டியது ஊரின் கடமை என்று சொல்கிறது. அம்மனுக்கு வருடா வருடம் செய்கிற அந்தக் கடமையை, குளிர்த்தி நீரை வீட்டுக்குக் கொண்டுபோகிற விதவைக்கு ஊர் செய்கிறதா? கலியாண வீட்டில் அவளைப் பின்வரிசையில் இருத்திவிட்டு, அம்மனுக்குப் பட்டுச் சாத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. இந்த ஒன்றை அந்தக் கட்டாடியாரும் மறுக்கவில்லை.

நான் சொன்ன எதுவும் பொருந்தாத ஒருத்தி எனக்குச் சிநேகிதி. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை 1990 செப்டெம்பர் 5இல் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் அவளுடைய கணவரும் ஒருவர். இறந்தார் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு முப்பத்தோராம் நாள் வரவேயில்லை. 14 நாளும் இல்லை, 4 மாதம் 10 நாளும் இல்லை. தாலி கழுத்தில், பொட்டு நெற்றியில். இறந்தவருக்கு என்ன கடன் என்று நான் கேட்கலாம். இறந்தாரா என்றே தெரியாதவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமை. அவள் காத்திருப்பதை முட்டாள்தனம் என்று சொல்லும் முற்போக்குக்காரரையும், அதைக் கற்பென்று மேடையில் புகழ்கிறவரையும் எனக்கு ஒரே அளவில் பிடிக்காது. காத்திருக்கவும் வேண்டாமென்று விடவும் அவளுக்கு மட்டும்தான் உரிமை. நான் செய்யக் கூடியது அவளுடைய கிளினிக் நாளை ஞாபகப்படுத்துவதும், சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வரச்சொல்லிப் பாலத்தில் சேர்ந்து நடப்பதும்தான்.

எங்கள் கலியாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க அவளைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாறன்கா. பொட்டோடதான் வருவன், ஒண்ணுஞ் சொல்லப்படாது" என்றாள். அப்படித்தான் வர வேண்டும் என்றேன்.